காலி வண்டி முன்னால், மீன் வண்டி பின்னால்

அன்று குளச்சலில் மீன் ஏலம் முடிந்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் இவர்கள்.

நான், ததேயு. வேளிமலை அடிவாரம்வரை முப்பது வருடத்துக்கு மேல் வண்டியில் மீன் கொண்டுபோய் விற்றவன். முழங்கால் இரண்டும் போய்விட்டது. நிறுத்தப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

மிக்கேல். என் வயதுக்காரன். அவனும் மீன் வியாபாரிதான். போவது கருங்கல் பக்கம். இருக்கிற வண்டியை விற்றுவிட்டு சுமை ஆட்டோ எடுக்கப் போகிறான்.

சூசை. என் பக்கத்து வீடு. வள்ளத்தில் தொழில் செய்தவன். முதுகில் அடிபட்டுப் பெல்ட் கட்டியிருந்தான். இனி கடலுக்குப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சகாயம். சூசையின் மனைவி. நாற்பது வயதிருக்கும். என் லைனை, அதாவது நான் மீன் விற்கிற வழியை, இனி அவள் எடுப்பதாகப் பேச்சு.

தங்கராஜ். திங்கள்நகரில் மெக்கானிக். அய்யாவழிக்காரன், நெற்றியில் நாமம் இல்லாமல் பார்க்க முடியாது. மீன் தொடமாட்டான். மீன் வண்டி பழுது பார்ப்பான்.

வெளியே இருசக்கர வண்டி இரண்டு நின்றது. ஒன்று என் எம்.எயிட்டி. மற்றது மிக்கேலின் எக்ஸெல். இரண்டும் பழைய மாடல். புதிதாக இப்போது எந்தக் கடையிலும் கிடைக்காது.

எங்கள் மீன் வியாபாரிகள் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் என்னைப் பார்த்தால் கேட்பது ஒரே கேள்வி. எந்த வண்டி எடுக்கலாம்? ஒவ்வொருவருக்கும் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதுகிறேன். எனக்கு நீட்டி எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன். ஐஸ் எவ்வளவு போட வேண்டும், ஏலத்தில் எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் நீங்களே படித்துக்கொள்வீர்கள்.

முதலில் அன்றைய நிலைமை. சூசைக்கு வள்ளத்தில் ஒரு பங்கு இருந்தது. அதை விற்ற பணம் சகாயத்தின் கையில் இருந்தது. ஒரு வண்டி, ஒரு ஐஸ் பெட்டி, ஒரு வாரம் மீன் எடுக்க முதல். அவ்வளவுக்குத்தான் காணும். எடுத்த வண்டி தவறிப்போனால் இன்னொன்றுக்கு வழியில்லை. லைன் நிலைக்கவில்லை என்றால் அவள் கொச்சிப் பக்கம் இறால் உரிக்கிற ஷெட்டுக்குப் போக வேண்டும். ஆள் பிடிக்கிற ஏஜெண்டு இரண்டு தடவை வீட்டுக்கு வந்துபோய்விட்டான். பெண்பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போகிறார்கள். அவள் போனால் வருடத்துக்கு ஒரு தடவை பிள்ளைகளைப் பார்க்கலாம், கிறிஸ்மஸுக்கு.

என் லைனைச் சொல்கிறேன். குளச்சல், திங்கள்நகர், இரணியல், தக்கலை. அதுவரை நிற்காமல் போக வேண்டும். அந்த ஊர்களுக்கு வேறு ஆட்கள் உண்டு. தக்கலை தாண்டி மலை அடிவாரத்துக்கு ஏறுகிற தெருக்கள்தான் எனக்கு. மேலே கோயிலின் நுழைவு வளைவு இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் நாங்கள் மீன் கொண்டுபோவதில்லை. போகக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. நாங்களே போவதில்லை. வளைவுக்கு இந்தப் பக்கம் நாற்பத்தேழு வீடு. எனக்குக் கதவு திறப்பது நாற்பத்து நான்கு. மூன்று வீட்டில் ஒருநாளும் யாரும் வெளியே வந்ததில்லை. சைவமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

லைனுக்கு நான் காசு கேட்கவில்லை. எனக்கு அதைத் தந்தவரும் வாங்கவில்லை. வண்டி மட்டும்தான் விலைக்கு.

டீ வந்தது. மிக்கேல்தான் தொடங்கினான்.

"ஏட்டி சகாயம், இவனுக்க எம்.எயிட்டிய ஸ்டாண்டு போடதுக்கே ரெண்டு ஆளு வேணும். எனக்க வண்டியப் பாரு. பிள்ளைய இடுப்புல எடுக்க மாதிரி எடுக்கலாம்."

"ரெண்டு பிள்ளைய எடுத்திருக்கேன். எது கனம்னு எனக்குத் தெரியும்," என்றாள் சகாயம்.

"இவன் போற வழியில புகையடிச்சு கொசு சாவும், கேட்டியா."

"கொசு மருந்துக்குக் காசு மிச்சம்," என்றேன்.

"தங்கராஜ், நீ சொல்லு டே. எது நல்ல வண்டி?"

"ரெண்டும் எனக்குச் சோறு போடுது," என்றான் தங்கராஜ். "நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

சூசை பெல்ட்டைச் சரி செய்துகொண்டிருந்தான். அவன் பங்கு விற்ற பணம். ஆனாலும் நிமிரவில்லை.

சகாயம் என்னைப் பார்த்தாள். "அண்ணே, நீங்க சொல்லுங்க. எத எடுக்க?"

இது சங்கடமான இடம். இரண்டில் ஒன்று என் வண்டி. நல்லது என்று சொன்னால் விற்பதற்காகச் சொல்கிறான் என்பார்கள். மோசம் என்று சொன்னால் பின்னே எதற்கு இத்தனை வருடம் ஓட்டினாய் என்பார்கள். உங்களுக்கும் இப்படி வரும். அப்போது உங்கள் வண்டியை மறந்துவிட்டு, வாங்குகிற ஆளைப் பாருங்கள்.

"எக்ஸெல்," என்றேன்.

மிக்கேல் டீயைக் கீழே வைத்தான். என்னிடமிருந்து அவன் அதை எதிர்பார்க்கவில்லை. "இன்னைக்கு டீக்காசு எனக்கு," என்றான். அவன் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஏன் எக்ஸெல் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பெட்ரோல். ஐம்பது கிலோ மீனும் ஐஸும் வைத்தால் என் வண்டி லிட்டருக்கு முப்பத்தைந்து தரும். எக்ஸெல் நாற்பத்தைந்துக்குக் குறையாது. இரண்டுக்கும் பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும், அதில் வித்தியாசமில்லை. மாதக் கடைசியில் பார்த்தால் என் வண்டிக்கு ஆயிரம் ரூபாய் கூடுதல்.

சாமான். எக்ஸெலுக்கு எந்த முக்குக் கடையிலும் கேபிள் கிடைக்கும். எம்.எயிட்டிக்கு வடசேரியில் பழைய சாமான் கடைகளில் தேட வேண்டும். இருந்தால் இருக்கும். போன வருடம் ஒரு கிளட்ச் தட்டுக்காக ஆறு நாள் வண்டி நின்றது. ஆறு நாளும் மீன் இல்லை, வருமானம் இல்லை. அந்த ஆறு நாளையும் வண்டிச் செலவில்தான் சேர்க்க வேண்டும். யாரும் சேர்ப்பதில்லை.

பிளக். என் வண்டிக்குக் கரி பிடிக்கும். சட்டைப் பையில் பிளக் ஸ்பேனர் இல்லாமல் நான் மாதா கோயிலுக்கும் போனதில்லை.

துரு. இரண்டும் ஒன்றுதான். மீன் தண்ணீர் சேஸ்மீது சொட்டும். தினமும் நல்ல தண்ணீரால் கழுவாதவன் எந்த வண்டி வாங்கினாலும் தங்கராஜுக்குத்தான் வாங்குகிறான்.

ஏற்றம். இங்கே என் வண்டிதான். கையில் கியர் உண்டு. ஒன்று இறக்கிக்கொண்டால் சுமையோடு ஏறிவிடும். எக்ஸெலுக்குக் கியர் கிடையாது. முக்கும்.

இறக்கம். இதிலும் என் வண்டிதான். ஒரு தடவை மழையில் மலையடிவாரத்திலிருந்து இறங்கும்போது பிரேக் நனைந்து பிடிக்கவில்லை. இடது பக்கம் மதில். வலது பக்கம் ஒருவர் வாழைக்குத் தோண்டி வைத்திருந்த உரக்குழி. முன்னால் ஸ்கூல் பிள்ளைகள். யோசிக்க நேரம் இல்லை. கியரை இறக்கினேன், வேகம் பாதியானது, மிச்சத்துக்குக் குழிக்குள் விட்டேன். அடி இல்லை. நாற்றம் ஒரு வாரம். எக்ஸெலாக இருந்தால் அந்தப் பாதி வேகமும் குறைந்திருக்காது. ஆனால் பிரேக்கைச் சரியாக வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆகவே இதை வண்டியின் கணக்கில் எழுத வேண்டாம்.

கனம். எக்ஸெல் இலேசு. தனியாக ஓட்டுகிற ஆள், வெயிலில், ஒரு நாளைக்கு ஐம்பது தடவை நிறுத்தி எடுக்க வேண்டும். இது பெரிய விஷயம்.

ஆக, எக்ஸெல். எனக்குச் சந்தேகமே இல்லை.

"ரெண்டையும் ஒவ்வொரு நாள் ஓட்டிப் பாக்கேன்," என்றாள் சகாயம். "பெறகு சொல்லுகேன்."

முதல் நாள் எம்.எயிட்டி. அவள் மீனோடு முன்னால் போனாள். நான் மிக்கேலின் எக்ஸெலில் காலியாகப் பின்னால் போனேன். இரணியலில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. நிறுத்தி ஒரு காலை ஊன்றினாள். வண்டி சாய்ந்துவிட்டது. லாரிக்காரர் ஒருவர் இறங்கி வந்து பிடித்தார். இரண்டு கைப்பிடி சாளை மீன் ரோட்டில். காக்கைகளுக்கு அன்று பெருநாள்.

"இது எருமையாக்கும்," என்றாள்.

"ஆமா," என்றேன்.

அடிவாரம் போய் ஏற்றத்தில் திரும்பினாள். ஹாரன் அடிக்கும் முன்னே முதல் கேட் திறந்தது. சரசம்மா சட்டியோடு நின்றார். என் லைனில் ரொம்ப வருடமாக வாங்குபவர். விலை கேட்காமல் ஒரு மீன்கூட வாங்கமாட்டார்.

"இது யாரு? மீன்காரர் எங்க?"

"அந்தா பின்னால வாறாரு. இனிமேல் நானாக்கும், அக்கா."

சரசம்மா என்னைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். "வண்டி அவருக்கதுதானே?"

"ஆமா."

"அப்பம் சரி. சாளை என்ன வெல?"

அடுத்த கேட், அதற்கடுத்த கேட். பூனைகளும் வந்தன. பதினொரு மணிக்கு முன்பே பெட்டி காலி. அதற்கு முந்தின இரண்டு நாள் காற்றால் வள்ளம் போகவில்லை, ஊரில் மீனே இல்லை. அதனால்தான் விற்றது என்று நான் சொன்னேன். சூசையும் அதையே சொன்னான். மிக்கேலும் சொன்னான். மூன்று பேர் சொன்னதால் சரி என்று ஆகிவிட்டது.

இரண்டாவது நாள் எக்ஸெல். இன்று நான் எம்.எயிட்டியில் பின்னால். இரணியல் கேட்டில் வண்டியைச் சைக்கிள் மாதிரி பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். முடிவு ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

தக்கலையில் என் வண்டி நின்றுவிட்டது. பிளக். அவளைப் போகச் சொல்லிவிட்டு, ஓரமாக உட்கார்ந்து கழற்றித் துடைத்து மாட்டினேன். ஆறுகிறவரை காத்திருக்க வேண்டும் இல்லையா, அதில் நேரம் போனது.

அடிவாரம் போய் ஏற்றத்தில் கியரை இறக்கினேன். சரசம்மா வீட்டுக் கேட் திறந்தது. சட்டியோடு வந்தார். அடுத்த கேட் திறந்தது. அதற்கடுத்தது. மதில்மேல் இரண்டு பூனை. ஓடையிலிருந்து ஒன்று.

"எங்க மீனு?" என்றார் சரசம்மா.

"முன்னால போச்சே. சகாயம் வரலியா?"

"யாரும் வரல்ல."

"ஹாரன் அடிச்சிருப்பாளே."

"ஹாரனா? ஹாரன் ஆயிரம் பேரு அடிக்கான். எல்லாம் ஒரே கடையில வாங்கின ஹாரன்தான். பால்காரன் அடிக்கான், பழைய இரும்புக்காரன் அடிக்கான். உமக்க வண்டி கீழ திருப்பத்துல கியரு எறக்கும் பாத்தீரா, ஒரு சத்தம். அது கேட்டாத்தான் நான் அடுப்ப விட்டு எழும்புவேன். அப்பம் எறங்கினா கேட்டுக்கு வரச் சரியா இருக்கும்."

பக்கத்து வீட்டு அம்மாவும் அதையே சொன்னார். கைக்குழந்தைக்காரி ஒருத்தி, அந்தச் சத்தம் கேட்டால் குழந்தை கையைத் தட்டும் என்றாள்.

எல்லாரும் சட்டியோடு நிற்கிறார்கள். என்னிடம் மீன் இல்லை. பூனைகள் வண்டியைச் சுற்றி வந்து, பெட்டி இல்லை என்று பார்த்து, என் முகத்தைப் பார்த்தன. முப்பது வருடத்தில் எனக்கு அப்படி ஒரு அவமானம் இல்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சைக்கிளில் மீன் விற்றுக்கொண்டிருந்தவன் எம்.எயிட்டிக்கு மாறியபோது, முதல் மாதம் எனக்கு வியாபாரம் விழுந்தது. கார்த்திகை மாதம். எல்லாரும் மலைக்கு மாலை போட்டிருக்கிறார்கள், மீன் சேர்க்கமாட்டார்கள், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். தை மாதம் தானாகச் சரியானது. உண்மையில் என்ன நடந்தது என்று சரசம்மா வீட்டு வாசலில் நிற்கும்போதுதான் தெரிந்தது.

சகாயம் மேலே கோயில் வளைவுக்கு இந்தப் பக்கம் ஆலமரத்தடியில் நின்றாள். எக்ஸெல் பாதி ஏற்றத்தில் முக்கியிருக்கிறது. இரண்டு காலையும் தரையில் ஊன்றித் தள்ளி ஏற்றியிருக்கிறாள். புடவையின் கீழ்ப்பகுதியெல்லாம் புழுதி.

"எத்தன வீடு?"

"ஒம்பது."

பெட்டியைத் திறந்து பார்த்தேன். முக்கால் பெட்டி அப்படியே இருக்கிறது. மேல் ஐஸ் தண்ணீர் ஆகிவிட்டது. வெயில் ஏறிவிட்டது. சாளை அயிலை மாதிரி தாங்காது. வயிறு சீக்கிரம் விட்டுவிடும்.

அவள் போன் அடித்தது. சூசை.

"வித்துட்டு இருக்கேன்," என்றாள். வைத்துவிட்டாள்.

மறுபடி அடித்தது. மிக்கேல். அவன் சத்தம் எனக்கே கேட்டது. "வெலையப் பாதியாக் கொறச்சு விளிச்சுச் சொல்லுட்டி. பறந்துவந்து வாங்குவாளுவ."

"யாரிட்டச் சொல்ல? ரோட்டுல ஆளில்ல," என்று வைத்துவிட்டாள்.

நான் என் பங்குக்குச் சொன்னேன். "தக்கலைச் சந்தைக்குக் கொண்டுபோவோம். மொத்தமா எடுப்பான். பாதிக்காசு வரும். மிச்சம் போட்டும்."

"சரி," என்றாள். "நாளைக்கு?"

 இன்றைய மீனுக்குத்தான் நான் வழி சொன்னேன். அவள் கேட்டது அது இல்லை. நெருக்கடியில் எல்லாரும் கையில் இருக்கிற பெட்டியைக் காப்பாற்றத்தான் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான்.

"கீழ பெண்ணுவ உங்ககிட்ட என்ன சொல்லிச்சு?" என்றாள்.

சொன்னேன். சரசம்மா சொன்னதை, கைக்குழந்தைக்காரி சொன்னதை, பூனைகளையும் சொன்னேன்.

ஐஸ் தண்ணீரில் கையை விட்டு முகத்தைத் துடைத்தாள். என் வண்டியைப் பார்த்தாள்.

"அண்ணே, நீங்க முன்னால போங்க."

"எங்கிட்ட மீனில்லயே."

"அதத்தான் சொல்லுகேன். சத்தத்த நீங்க கொண்டு போங்க. மீன நான் கொண்டு வாறேன்."

இறங்கினோம். கீழே போய்த் திரும்பி, முதலிலிருந்து மறுபடியும் ஏறினோம். நான் முன்னால். கீழே அந்தத் திருப்பத்தில் வேண்டுமென்றே கியரை இறக்கினேன். இரண்டு தடவை இறக்கினேன். கேட் திறந்தது. "மீன் பின்னால," என்றேன். அடுத்த கேட். "மீன் பின்னால." மேலே போகும்வரை ஒவ்வொரு கேட்டிலும் நான் சொன்னது இந்த இரண்டு வார்த்தைதான்.

"மந்திரிக்கு முன்னால போற ஜீப்பு மாதிரி போறீரு," என்றார் சரசம்மா.

"ஆமா," என்றேன்.

பின்னால் சகாயத்தின் பேச்சு கேட்டது. "அக்கா, காலையில இருந்த உறுதி இப்பம் இல்ல. கொறச்சுத் தாறேன். வச்சிருக்காம இன்னைக்கே குழம்பு வச்சிருங்க." நான் அதைச் சொல்லச் சொல்லவில்லை. நானாக இருந்தால் சொல்லியிருப்பேனா என்று தெரியாது. ஒருவரும் திரும்பிப் போகவில்லை.

உச்சிவேளை தாண்டி, பெட்டி காலியானது. லாபம் இல்லை. போட்ட முதல் வந்தது.

அன்று சாயங்காலம் டீக்கடையில் மறுபடியும் அதே ஐந்து பேர். மிக்கேலின் முகம் விழுந்து கிடந்தது.

"கொள்ளாம், நல்லா இருக்கு," என்றான். "அவனுக்க சத்தத்தயே வாங்கிக்க. எனக்க வண்டிக்குத்தான் வாயில்லயே."

"எனக்கு எக்ஸெல்தான் வேணும்," என்றாள் சகாயம்.

எல்லாரும் அவளைப் பார்த்தோம். சூசை இந்தத் தடவை வாய் திறந்தான். "ஏட்டி, உனக்குக் கிறுக்கா? ஒம்பது வீடுதான் வந்துதுன்னு நீதானே சொன்ன?"

"ஒம்பதுதான். அண்ணனுக்க வண்டிய எடுத்தா நாளைக்கே நாப்பத்தி நாலு. சரிதான். ரெண்டு வருசத்துல அது நிக்கும். வடசேரியில சாமான் இருக்காது. அன்னைக்கு நான் வேற வண்டி எடுக்கணும். அன்னைக்கும் ஒம்பதுதான் வரும். அன்னைக்கு வள்ளத்துல விக்கதுக்கு வேற பங்கு இருக்கா?"

சூசை பெல்ட்டைப் பிடித்துக்கொண்டான்.

"ஒம்பது இப்பவே வரட்டு," என்றாள். "அண்ணன் இருக்கும்பமே வரட்டு. அண்ணே, ஒரு மாசம் நீங்க காலி வண்டியில முன்னால வரணும். பெட்ரோலு எனக்க செலவு."

"காலி வண்டிக்குப் பெட்ரோல் அடிக்கதா?" என்றான் தங்கராஜ்.

"ஆமா. மிக்கேலண்ணே, வெல கொறைக்கணும். ஏத்தத்துல வண்டியத் தள்ளினது நானாக்கும்."

மிக்கேல் குறைத்தான். ஏற்றத்துக்குத் தங்கராஜ் வழி சொன்னான். பின் சக்கரத்துப் பல்சக்கரத்தைப் பெரிதாக மாற்றினான். வேகம் கொஞ்சம் போனது, மைலேஜும் கொஞ்சம் போனது, வண்டி முக்குவது நின்றது.

எனக்கு வேறு ஒரு சிக்கல் இருந்தது. திருவனந்தபுரத்திலிருந்து ஒருவர் போன் செய்திருந்தார். பழைய வண்டிகளை வாங்கி வீட்டில் வைத்திருப்பவர். ஓட்டமாட்டாராம், துடைத்து வைப்பாராம். சகாயத்திடம் நான் கேட்டதைப்போல இரண்டு மடங்கு தருகிறேன் என்றார். ஒரு மாதம் கழித்து வாருங்கள் என்றேன். அதற்குள் வேறு கிடைத்தால் எடுத்துவிடுவேன் என்றார். எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். போனை வைத்த பிறகு கொஞ்சம் யோசனையாகத்தான் இருந்தது.

ஒரு மாதம் ஓட்டினேன். முதல் வாரம் நான் நன்றாக முன்னால், அவள் பின்னால். பிறகு இடைவெளியைக் குறைத்தாள். பிறகு இரண்டு சத்தமும் ஒன்றாகப் போனது. பிறகு அவள் முன்னால், நான் பின்னால். எப்போது மாற வேண்டும் என்று அவள்தான் சொன்னாள். நான் கேட்டபடி செய்தேன்.

பூனைகள் மூன்றாம் நாளே மாறிவிட்டன. எம்.எயிட்டி போகும்போது தலையைத் தூக்கவில்லை. எக்ஸெல் வந்தால் எழுந்தன. ஆட்களுக்கு நாள் பிடித்தது. சரசம்மாதான் கடைசி.

"இதுக்குக் கியரே இல்லியே," என்றார். "நான் எப்பம் அடுப்ப விட்டு எழும்ப?"

"வண்டி முக்காம ஏறுது அக்கா, அந்த எரைச்சல் கேக்கும். எரைக்கும்ப எழும்புங்க," என்றாள் சகாயம்.

அந்த மாதம் என் எம்.எயிட்டி காலியாக ஓடிக் குடித்த பெட்ரோல், எக்ஸெல் சுமையோடு ஓடிக் குடித்ததைவிட அதிகம். வண்டிகளை ஒப்பிட்டுச் சொல்ல எனக்கு இதைவிடத் தெளிவாகத் தெரியாது.

ஆகவே பிள்ளைகளே, மைலேஜ் கேளுங்கள். சாமான் கிடைக்குமா என்று கேளுங்கள். வண்டி நிற்கிற நாட்களையும் செலவில் சேருங்கள். பிறகு, உங்கள் லைனில் யார் எதைக் கேட்டு அடுப்பை விட்டு எழுந்திருக்கிறார்கள் என்றும் விசாரியுங்கள். அதை வண்டி விற்கிறவன் சொல்லமாட்டான். உங்களில் இரண்டு பேர் சார்ஜ் போடுகிற வண்டி எடுத்திருக்கிறீர்கள். நல்ல வண்டிதான். செலவு குறைவு. சத்தமே இல்லை. வியாபாரம் ஏன் விழுந்தது என்று என்னிடம் வந்து கேட்டீர்கள். கார்த்திகை மாதம் என்று நானும் சொல்லியிருப்பேன். சகாயத்திடம் போய்க் கேளுங்கள்.

மாதம் முடிந்தது. திருவனந்தபுரத்துக்காரர் வேறு வண்டி எடுக்கவில்லை. டெம்போ கொண்டுவந்தார். வண்டியைக் கிளப்பிக் காட்டச் சொன்னார். காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு நின்றார். பக்கத்து வீட்டிலிருந்து சகாயத்தின் சின்ன மகள், மீன் வண்டி வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்தாள். பிறகு அவர் வண்டியை அணைத்து ஏற்றிக்கொண்டு போனார்.

மறுநாள் சகாயம் முதல் தடவையாகத் தனியாகப் போனாள். நான் வீட்டில் இருந்தேன். முழங்காலுக்குத் தைலம் போட்டேன். மறுபடி போட்டேன். சூசை மதிலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். ஏஜெண்டு காலையில் போன் செய்ததாகச் சொன்னான். மத்தியானம் பேசுவோம் என்று சூசை அவனிடம் சொல்லியிருக்கிறான். 

உச்சிக்கு முன்னால் என் போன் அடித்தது. அவளுடைய வண்டிச் சத்தம் முதலில் கேட்டது. பிறகு அணைத்தாள்.

"அண்ணே, பெட்டி காலி."

"எத்தன வீடு?" என்றேன்.

"நீங்க விட்ட மூணு வீட்டுலயும் தட்டிக் கேட்டேன். நாப்பத்தி ஏழு."